ஊர்தி நின்ற இடங்கள்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. எங்கள் தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நிதானம் என்றால்தான் தெரியும். அமரர் ஊர்தி ஓட்டுகிறவருக்கு வேறென்ன பெயர் வரும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தப் பெயர் அதற்கு முன்பே வந்துவிட்டது. நூற்பாலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், பின்னால் வருகிறவன் எத்தனை ஹாரன் அடித்தாலும் அவர் தன் வேகத்தில்தான் போவார். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று உள்ளே இருப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

"போய்ச் சேரணும்னுதானே ஏறினீங்க. சேத்துடறேன்" என்பார்.

பிறகு ஆலையை மூடிவிட்டார்கள். கொஞ்ச காலம் வீட்டில் உட்கார்ந்து மனைவியின் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டும், வெட்டி விழுந்த துணிகளைப் பொறுக்கிக்கொண்டும் இருந்தார். கடைக்காரர்கள் சங்கம், வசதி இல்லாதவர்களுக்கென்று இலவச ஊர்தி ஒன்று விடப்போவதாகப் பேச்சு வந்தபோது, ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. இவர் போய்க் கேட்டார். மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நீங்க ஓட்டுங்க, வேண்டாங்கல. அந்த வண்டி மட்டும் நம்ம வாசல்ல நிக்கக் கூடாது."

அதனால் வண்டி சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் நின்றது. அவர் சைக்கிளில் போய் எடுப்பார், சைக்கிளில் திரும்பி வருவார்.

புது வண்டி ஒன்றும் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த வேன். இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு நடுவில் ஒரு மேடையும், ஓரத்தில் நாலு பேர் உட்கார ஒரு பலகையும் வைத்து, வெளியே வெள்ளை அடித்திருந்தார்கள். உள்ளே சன்னலுக்குக் கீழே யாரோ ஒரு பிள்ளை காம்பஸ் முனையால் கீறிய கப்பல் படம், இரண்டு கோட்டிங் பெயிண்டுக்கு அடியிலும் தெரிந்தது. அதைத் தேய்த்து எடுத்துவிடலாம் என்று சங்கச் செயலாளர் சொன்னபோது இவர் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

வேலையில் அவருக்கென்று சில வழக்கங்கள் உண்டு. ஹாரன் அடிக்க மாட்டார். துக்க வீட்டு வாசலில் இறங்கியதும் யாரிடமும் எதுவும் கேட்காமல், கைகட்டி வண்டியின் ஓரமாக நிற்பார். அவர்கள் தயாராகும்வரை அப்படியே நிற்பார், மணிக்கணக்காக ஆனாலும். எல்லாம் முடிந்து கிளம்பும்போது "வரேன்" என்ற சொல் வாயில் வராது. எந்த வீட்டில்தான் இவர் மறுபடி வரவேண்டும் என்று ஆசைப்படுவார்கள்? தலையை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டுப் போய்விடுவார்.

ஒழுகல் ஆரம்பித்ததை முதலில் கவனித்தது அவர்தான். ஒரு காலை கொட்டகையிலிருந்து வண்டியை எடுத்தபோது, அது நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம். விரலால் தொட்டு முகர்ந்தார். இன்ஜின் ஆயில். அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். கொஞ்சம்தான் குறைந்திருந்தது. ஊற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பட்டறைக்காரர் அவருக்குப் பழைய சிநேகிதர். ஆலைப் பேருந்துக்கும் அவர்தான் வேலை பார்த்தவர். வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, முகத்தில் ஒரு சொட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல வருது. பின்பக்க ஆயில் சீல் போச்சு. சீல் என்னவோ வளையல் கணக்கா ஒரு ரப்பர்தான். ஆனா அதத் தொடணும்னா கியர்பாக்ஸ மொத்தமா எறக்கணும்."

"எத்தன நாளாகும்?"

"வேலை ரெண்டு நாள். வண்டி வயசாயிடுச்சு, எறக்கினா இன்னும் நாலு எடத்துல கைய வைக்க வேண்டி வரும். ஒரு வாரம்னு வெச்சுக்க."

"ஒரு வாரம் வண்டி நின்னா? சாவுக்கு யாருய்யா லீவு லெட்டர் குடுக்கிறது?"

பட்டறைக்காரர் சிரித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவசரமில்ல. சொட்டுதானே. தினமும் காலையில ஆயில் பாரு, கொறஞ்சா ஊத்து. ஓடும். ஒண்ணே ஒண்ணு. ஆயில் கிளட்ச்சுல எறங்குச்சுன்னா வண்டி எடுக்கும்போது உதறும், ஏத்தத்துல வழுக்கும். முத ஒதறல் வந்த அன்னிக்கே நிறுத்திடு. அப்புறம் ஒரு நாள்கூட ஓட்டாத."

அந்த மாடலுக்கு சீல் கிடைப்பதே பெரும்பாடு. பட்டறைக்காரர் எங்கெங்கோ சொல்லி வைத்து, கொஞ்ச நாளில் வரவழைத்துவிட்டார். நிதானம் அதைக் காகித உறையோடு வாங்கி, வண்டியின் டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்தார். அடுத்த மாதம் நிறுத்திவிடலாம் என்று செயலாளரிடம் சொன்னார். செயலாளர் பாத்திரக் கடை வைத்திருப்பவர். எதற்கும் மறுப்புச் சொல்லத் தெரியாதவர். "நீங்க சொல்ற அன்னிக்கு நிறுத்திடலாம்ணே. முடிவு உங்க கையிலதான்" என்றார்.

முடிவு அவர் கையில் இருந்ததுதான் வினையாகப் போயிற்று. அடுத்த மாதம் வெயில் கொளுத்தியது. வயதானவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். அதற்கடுத்து மழையும், மழையோடு காய்ச்சலும். இந்த வாரம் கொஞ்சம் அடங்கட்டும் என்று பார்ப்பார், போன் அடிக்கும். நாளைக்கு நிறுத்துகிறேன் என்று பட்டறையில் சொல்லி வைத்திருப்பார். விடிந்தால் ஏதோ ஒரு வாசலில் நின்றுகொண்டிருப்பார். சீல் டேஷ்போர்டுக்குள்ளேயே கிடந்தது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். கைக்குட்டையை எடுத்துக்கொண்டு மூடிவிடுவார்.

அப்படி இருக்கையில் ஒரு பெண்மணி சங்கத்துக்கு போன் செய்து அவர் எண்ணை வாங்கி, நேரே அவரையே கூப்பிட்டார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. அவர் கணவரை இவர்தான் சில வாரங்களுக்கு முன் எடுத்துச் சென்றிருந்தார்.

"உங்களத் திட்டறதுக்காகக் கூப்பிடலைங்க. ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போக முடியுமா?" என்றார்.

சைக்கிளில் போனார். கேட்டுக்கு முன்னால் சிமென்ட் தளம். அதன் நடுவில் ஒரு கறை. வண்டி அன்று வெகுநேரம் நின்றிருந்தது. வெளியூரிலிருந்து மகன் வர வேண்டியிருந்ததால் காத்திருந்தார்கள். ஒழுகிய ஆயில் சிமென்டுக்குள் ஊறி, கவிழ்த்து வைத்த வாணலியைப் போலக் கறுத்துக் கிடந்தது.

"காலையில பால் எடுக்கக் கதவத் தெறந்தா மொதல்ல இதுதான் கண்ணுல படுது. வேலைக்காரப் பொண்ணு தேச்சுப் பாத்தா, போகல. உங்க வண்டி இன்னும் இங்கயே நிக்கிற மாதிரி இருக்குங்க. அவரும் இன்னும் உள்ளதான் இருக்கார், தூக்கணும்னு காத்துக்கிட்டு இருக்காங்கன்ற மாதிரி."

நிதானம் சைக்கிளைத் திருப்பினார். மரக்கடைக்குப் போய் ஒரு பை மரத்தூள் வாங்கி வந்தார். கறைமேல் கொட்டி, காலால் மிதித்து, ஊறவிட்டார். பிறகு சோப்புத்தூளைப் போட்டு இரும்பு பிரஷ்ஷால் தேய்த்தார். அந்த அம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். கறுப்பு போயிற்று. கறை போகவில்லை. சாம்பல் நிறத்தில், ஒரு மேகத்தின் நிழலைப் போல அது அங்கேயே இருந்தது. மறுநாளும் போய்த் தேய்த்தார். அதற்குமேல் அது வெளுக்கவில்லை.

"போதுங்க. இனிமே இங்க ஒரு தொட்டிச் செடி வெச்சுக்கறேன்" என்றார் அந்த அம்மாள்.

திரும்பும் வழியில்தான் அவரை ஒரு நினைப்பு பிடித்துக்கொண்டது. தையற்கடை வாசலில் ஒரு கறை. அதைக் கடந்து போகும்போது, அந்தக் கடைக்காரரை எடுத்த மத்தியானம் அப்படியே கண்முன் வந்தது. மருந்துக்கடை முக்கில் ஒன்று. அங்கே ஒரு கைக்குழந்தை. அஞ்சலக வரிசை வீடுகளில் ஒன்று. கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த பையன். அதுவரை அவர் எடுத்துச் சென்ற யாருடைய முகத்தையும் வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. கொட்டகையைப் பூட்டும்போது எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துப் பூட்டிவிடுகிற ஆள். இப்போது ஊரில் எந்தத் தெருவில் போனாலும், எங்கே நின்றார், யாருக்காக நின்றார் என்று தரை சொல்லிற்று. மழை பெய்தால் இன்னும் மோசம். கறைகளின்மேல் நீலமும் ஊதாவுமாக ஒரு மினுக்கம் கிளம்பி, மறந்தவற்றையும் காட்டிக் கொடுத்தது.

அவர் வழியை மாற்றிக்கொண்டு போகத் தொடங்கினார். காய்கறி வாங்க அடுத்த தெருச் சந்தைக்குப் போகிறவர், ஊரைச் சுற்றிக்கொண்டு வருவார். மனைவி விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள்:

"ஊரெல்லாம் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கீங்க. இப்ப அதப் படிக்கப் பயந்தா எப்படி?"

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அதன்பிறகு எண்ணெய் டின் ஒன்றைக் குறுக்கே வெட்டி, விளிம்பை மடக்கி ஒரு தட்டு செய்துகொண்டார். எந்த வாசலில் நின்றாலும், முதலில் குனிந்து அதை வண்டிக்கு அடியில் தள்ளிவிடுவார். அழுதுகொண்டிருப்பவர்களுக்கு நடுவில் 'டக்... டக்...' என்று தகரத்தில் சொட்டு விழும் சத்தம் கேட்கும். ஒரு வீட்டில் யாரோ, "என்னங்க அது, தண்ணிக் குழாயா? மூடித் தொலைங்களேன்" என்று எரிந்து விழுந்தார்கள். மறுநாளிலிருந்து தட்டுக்குள் ஒரு பழைய துணியை விரித்தார். சத்தம் அடங்கிற்று. ஆனால் அவர் காதுக்கு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

முதல் உதறல் வந்தது சங்கக் கொட்டகையின் சரிவில். காலி வண்டி. கிளட்ச்சை விட்டு எடுக்கும்போது, மழையில் நனைந்த நாய் உடம்பை உலுக்குவது போல வண்டி ஒருமுறை உலுக்கிக்கொண்டது. அவ்வளவுதான். பிறகு ஒழுங்காக ஓடிற்று. பட்டறைக்காரர் சொன்னது அவருக்கு நன்றாகவே நினைவில் இருந்தது. ஆனால் அன்று காலையிலேயே போன் வந்திருந்தது. காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இறந்துபோன ஒரு பெண். கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தவள். ஊரில் இருந்த இன்னொரு ஊர்தி வேறொரு பக்கம் போயிருந்தது.

"சரிவுல நின்னதால இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "இத முடிச்சுட்டு நேரா பட்டறைதான்."

அந்தப் பெண்ணின் அப்பா எங்கள் பகுதித் தபால்காரர். வெயிலிலும் மழையிலும் எங்கள் கதவைத் தட்டி, சிரித்துக்கொண்டே கடிதம் கொடுத்தவர். அவர் அன்று அழவில்லை. மகளின் தலைமாட்டில் பலகையில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் அவர் மைத்துனர். மற்றவர்கள் பின்னால் வேறு வண்டிகளில் வந்தார்கள். நிதானம் தகரத் தட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, மெதுவாகக் கிளம்பினார். வீட்டு வாசலில் எடுக்கும்போது லேசாக ஒரு நடுக்கம். அவ்வளவுதான்.

மயானத்துக்குப் போக ரயில் மேம்பாலத்தைத் தாண்ட வேண்டும். ஏற்றத்தின் பாதியில், மேலே ஏதோ ஒரு லாரி நின்றுவிட்டதால் போக்குவரத்து அடைத்துக்கொண்டது. கைபிரேக்கைப் போட்டுக் காத்திருந்தார். முன்னால் இருந்த வண்டி நகர்ந்ததும் கியரைப் போட்டு, கிளட்ச்சை மெல்ல விட்டார். வண்டி பிடிக்காமல் வழுக்கியது. இன்னும் கொஞ்சம் விட்டார். பிடித்தது. பிடித்த வேகத்தில் தலையிலிருந்து கால்வரை உதறியது. கதவு, கண்ணாடி, பலகை எல்லாம் கடகடத்தன.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"நிறுத்துங்க. நிறுத்துங்க. அசையறா. என் பொண்ணு அசையறா."

அவர் நிறுத்திவிட்டுப் பின்பக்கம் ஓடிக் கதவைத் திறந்தார். போர்த்தியிருந்த துணியிலிருந்து அந்தப் பெண்ணின் கை வெளியே சரிந்து, மேடையின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. முகம் அப்பா இருந்த பக்கம் திரும்பியிருந்தது. தபால்காரர் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னப் பாத்துத் திரும்பினா. நீங்க பாக்கல. நான் பாத்தேன். கைய நீட்டினா."

மைத்துனர் நிதானத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில், நீ சொல்லிவிடேன் என்ற கெஞ்சல் இருந்தது. காரணம் என்னவென்று நிதானத்துக்குத் தெரியும். உலகத்தில் அந்தக் கணத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இருந்தும் அந்த முகத்தைப் பார்த்தபோது, இமை துடித்ததோ என்று ஒரு நொடி அவருக்கும் தோன்றிற்று. கையை நீட்டி அந்த மணிக்கட்டைத் தொட்டார். எத்தனையோ பேரைத் தூக்கிய கை அவருடையது. தொட்டதும் தெரிந்துவிட்டது.

"சார்... வண்டி ஒதறுச்சு சார். கிளட்ச்சுல ஆயில் எறங்கியிருக்கு. அதுல ஆடினதுதான்."

"இல்ல. ஆஸ்பத்திரிக்கு விடுங்க. கெஞ்சிக் கேக்கறேன். ஒரு தடவ பாத்துடட்டும்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். மைத்துனரும் அதைத்தான் எதிர்பார்த்தார். பின்னால் வந்தவர்கள் இறங்கி, என்ன ஏதென்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். நிதானம் கதவைச் சாத்தினார்.

"சரி சார். ஒரு டாக்டர் பாத்துடட்டும்" என்றார்.

பாலத்தைத் தாண்டி இறங்கியதும், இடது பக்கச் சாலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே போகத் திருப்பினார். சாலை முழுக்க நெரிசல். நிற்கவும் எடுக்கவும் நிற்கவும் எடுக்கவுமாகத்தான் போக முடிந்தது. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் வண்டி உதறிற்று. எவ்வளவு பதமாகக் காலை விட்டாலும் உதறிற்று. கண்ணாடியில் பின்னால் பார்க்க அவருக்குத் துணிவில்லை. காதை மட்டும் தீட்டிக்கொண்டிருந்தார். முதலில் தபால்காரர் மகளைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "இதோ வந்துட்டோம்மா. இதோ" என்றார். வண்டி நின்றது, எடுத்தது, உதறிற்று. மறுபடி கூப்பிட்டார். மறுபடி நின்றது, எடுத்தது, உதறிற்று. இந்த முறை அவர் கூப்பிடவில்லை. அடுத்த முறையும் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலை நெருங்கும்போது பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டது.

"வேணாங்க. திருப்பிடுங்க."

நிதானம் நிறுத்தினார்.

"வண்டி ஆடும்போது மட்டுந்தான் ஆடறா" என்றார் தபால்காரர். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

மயானத்தில் எல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகு, நிதானம் வண்டியை ஒரு கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல்லி பட்டறைக்கு ஆள் அனுப்பினார். ஓட்டிக்கொண்டே போயிருக்கலாம், பட்டறைக்குப் பாலம் ஏற வேண்டியதில்லை, வழி முழுக்க இறக்கம்தான். அதன் கிளட்ச்சில் இனி கால் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. பட்டறைக்காரர் வந்து, டேஷ்போர்டிலிருந்து நிதானம் எடுத்து நீட்டிய சீலை வாங்கிப் பார்த்தார். உறை பழுப்பேறியிருந்தது. சிநேகிதரின் முகத்தைப் பார்த்துவிட்டு, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றைக் கட்டக் குனிந்தார்.

வண்டி பட்டறையில் கிடந்த நாட்களில் ஒரு முதியவர் இறந்தார். சங்கத்தில் வண்டி இல்லை என்று சொன்னார்கள், இன்னொரு ஊர்தியும் கிடைக்கவில்லை. குடும்பத்தார் சிமென்ட் மூட்டை ஏற்றும் டெம்போ ஒன்றைக் கழுவிவிட்டு அதில் எடுத்துப் போனார்கள். நிதானத்தை யாரும் கூப்பிடவில்லை. அவராகவே போய், டெம்போவுக்குப் பின்னால் கடைசிவரை நடந்தார். யாரும் குறை சொல்லவில்லை. இத்தனை மாதமாக எதற்குப் பயந்து தள்ளிப் போட்டாரோ, அது இவ்வளவுதான் என்பது அன்றுதான் அவருக்குப் புரிந்தது. டெம்போ கொஞ்சம் தூசியாக இருந்தது. முதியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இதை அவரே என்னிடம் சொன்னார்.

கியர்பாக்ஸை இறக்கிய அன்று காலை, அவரும் பட்டறையில்தான் இருந்தார். வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. தபால்காரர். காக்கிச் சட்டை, தோளில் பை. வேலைக்குத் திரும்பியிருந்தார். முகம் மட்டும் வேறொருவருடையதைப் போல இருந்தது.

"வண்டியப் பிரிச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க" என்றார். "பாக்கலாமா?"

நிதானம் எழுந்து நின்றார். பட்டறைக்காரர்தான் அவரை உள்ளே அழைத்துப் போனார். இன்ஜினின் பின்பக்கம் திறந்து கிடந்தது. பழைய சீல் ஒரு பக்கம் விண்டு, விளிம்பு கல்லைப் போல இறுகியிருந்தது. அதிலிருந்து ஆயில் வழிந்த தடம் கறுப்பாக இறங்கியிருந்தது. கீழே கோணியின்மேல் கிளட்ச் தட்டு. சொரசொரப்பாக இருக்க வேண்டிய அதன் முகம், எண்ணெய் தடவிய தோசைக்கல்லாகப் பளபளத்தது.

தபால்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தட்டின்மேல் ஒரு விரலை வைத்து மெல்ல இழுத்தார். விரலில் ஒட்டியதை வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்தார்.

"இதனாலதான் ஆடுச்சா?"

"ஆமா சார்."

"வேற ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல சார்" என்றார் நிதானம். "நான் முன்னாடியே நிறுத்தியிருக்கணும். அன்னிக்குக் காலையிலகூட எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தேன்."

தபால்காரர் கோணியின் நுனியில் விரலைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்களத் திட்டணும்னுதான் வந்தேன். வழி நெடுக என்ன சொல்லணும்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். ஆனா பாலத்துல அந்த ஒரு நிமிஷம் இருக்கே... ஆஸ்பத்திரியில அவ கண்ண மூடினதுலேர்ந்து இப்ப வரைக்கும், எனக்கு மூச்சு வந்தது அந்த ஒரு நிமிஷந்தான். அதுக்கு உங்களத் திட்டறதா, கும்பிடறதான்னு தெரியல."

சொல்லிவிட்டு எழுந்து, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பட்டறைக்காரர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி வண்டிக்கு அடியில் படுத்தார்.

வண்டி நன்றாகவே வந்தது. புது சீல், புது கிளட்ச் தட்டு. மேல்மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் அட்டையையும் சேர்த்து மாற்றினார்கள். கொட்டகையில் வண்டிக்கு அடியில் வெள்ளைத் தாள் விரித்துப் பார்த்தார் நிதானம். காலையில் தாள் வெளுப்பாகவே இருந்தது. தகரத் தட்டைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார். அதன்பின் எந்தச் சின்னக் குறை என்றாலும், ஒரு போல்ட் தளர்ந்திருந்தாலும், அன்றைக்கே நிறுத்திவிடுவார். "இன்னிக்கு வண்டி வராதுங்க" என்று போனில் சொல்லப் பழகிக்கொண்டார்.

வண்டி சரியானதே தவிர, அவர் பழையபடி ஆகவில்லை. பாலத்தின் ஏற்றம் வந்தால் காதைப் பின்பக்கம் தீட்டிக்கொள்வார். வண்டி அலுங்காமல் ஏறும். பின்னால் யாரும் குரல் கொடுக்க மாட்டார்கள். அந்த அமைதிதான் அவருக்கு ஆகவில்லை. மயானத்தில் இறங்கிப் பின்கதவைத் திறக்கும் முன், விரல் முட்டியால் கதவை இரண்டு தட்டு தட்டுவது வழக்கமாயிற்று. உள்ளே இருக்கும் உறவினர்களுக்கு முன்னறிவிப்பாகத் தட்டுகிறார் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் துணைக்கு வராத அநாதைப் பிணங்களை ஏற்றி வருகிற நாட்களிலும் அவர் தட்டுவார். தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பார். சங்கத்திலிருந்து கூட வரும் ஆள் ஒருநாள் கேட்டேவிட்டான்.

"உள்ள யாருண்ணே இருக்கா, தட்டறீங்க?"

"பழக்கமாப் போச்சுப்பா" என்றார்.

தபால்காரரை அவர் அடிக்கடி வழியில் பார்ப்பார். ஊர்தி எந்த வீட்டு வாசலில் நிற்பதைக் கண்டாலும், தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்குவார். கொஞ்ச நேரம் நிற்பார். கிளம்பும் முன் லேசாகக் குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பார். ஒன்றும் ஒழுகவில்லை என்று தெரிந்ததும் தன் வழியே போவார். இருவரும் பேசிக்கொண்டதில்லை. அந்தப் பார்வை தன்மேல் இருக்கும்வரை, நிதானம் கைகட்டி அசையாமல் நிற்பார்.

தபால்காரர் பணி ஓய்வு பெற்ற வருஷம், ஒரு மத்தியானம், அதேபோல் ஒரு வாசலில் வண்டி நின்றிருந்தது. தபால்காரர் வந்தார். குனிந்து பார்த்தார். போகவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு நிதானத்தின் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்கள ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருக்கேன்."

"கேளுங்க சார்."

"அன்னிக்குப் பாலத்துல கதவத் தெறந்தீங்களே. அவ மொகம் என் பக்கம் திரும்பியிருந்துச்சே. நீங்க கையத் தொட்டுப் பாக்கறதுக்கு முன்னாடி... ஒரு செகண்டு, நீங்களும் நம்பினீங்களா?"

வீட்டுக்குள் யாரோ விசும்பிக்கொண்டிருந்தார்கள். தெருவில் வெயில் அடித்தது. நிதானத்துக்கு வண்டியைப் பற்றிச் சொல்ல எத்தனையோ இருந்தது. கிளட்ச்சைப் பற்றி, சீலைப் பற்றி, அன்று காலைச் சரிவில் வந்த உதறலைப் பற்றி.

"நம்பினேன் சார்" என்றார்.

தபால்காரர் தலையை ஆட்டினார். மறுபடி ஒருமுறை ஆட்டினார். பிறகு சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏறாமல், அதை உருட்டிக்கொண்டே தெருவின் கடைசிவரை நடந்து போனார்.